செய்தியும் நகையுரையும்



பாராளுமன்றத்திலே ஒருவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். குளங்கள் தூர்ந்து கிடப்பதையும், வைத்தியசாலையில் மருந்து இல்லாமையையும், மீனவர் படும் அல்லலையும் விரித்துரைக்கிறார். பேச்சினிடையே ஒரு நகையுரை வந்து விழுகிறது. சபை சிரிக்கிறது. மறுநாட் காலையில் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். குளமும் மருந்தும் மீனவரும் மறைந்துவிட, அந்த ஒரு வரி மட்டும் பெரிய எழுத்திலே நிற்கும். மாலையில் தேநீர்க் கடையிலே பேசப்படுவதும் அதுவே. பல்லாண்டு கழிந்த பின்னர் அம்மனிதரை நினைவுகூர்வோர் எடுத்துச் சொல்லுவதும் பெரும்பாலும் அதுவேயாகும்.

இதனைக் குறையென்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சிரிப்பை இழிவாகக் கருதிய மரபு நம்முடையதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது முதலிடத்தில் வைத்தது நகையையே. அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கனுள்ளும் முதலிடம் பெறுவது எள்ளல். ஒரு சொல்லை இரு பொருள்பட நிறுத்திக் கேட்டாரை வியக்கவைத்த காளமேகப் புலவரை இன்றும் பாடசாலைச் சிறுவர் அறிவர். ஆயினும், பிறரை இகழ்தல் விளையாட்டிற்கூடத் துன்பந்தரும் என்று பண்புடைமை அதிகாரத்திலே எச்சரித்து வைத்தவரும் நம்முடைய வள்ளுவரே. எள்ளலுக்கு இடங்கொடுத்த நூலும், அதற்கு எல்லை வகுத்த நூலும் நமக்கு உண்டு. பொதுவாழ்விலும் செய்தி உலகிலும் அவ்வெல்லை எங்கே விழுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை ஆராய்வதற்கு மன்னார்க் கரையை இடமாகக் கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, மரிச்சுக்கட்டி என்னும் கடற்கரை ஊர்கள் ஒருகாலத்தில் முத்துக்குளிப்பினால் உலகப் புகழ் பெற்றிருந்தன. குளிப்புக் காலத்தில் ஆளில்லாத மணற்கரையிலே சில கிழமைக்குள் ஒரு நகரமே எழும். குளிப்பு முடிந்ததும் அந்நகரம் கலைந்துவிடும். அங்கு வந்து கூடிய முத்து வணிகரிடம் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. அவற்றைப் பெட்டி என்று வழங்குவர். இருபது துளையுடைய சல்லடையில் தொடங்கி ஆயிரம் துளையுடைய சல்லடை ஈறாக ஒன்றன்பின் ஒன்றாக முத்துக்களை இட்டு அரித்து, அளவினாற் பிரித்து, பின்னர் வடிவமும் ஒளியும் நோக்கி வகைப்படுத்தி, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை மதித்தனர். ஆணிமுத்து ஒருபுறம் சேரும். தூள் மற்றொருபுறம் சேரும். ஒளி கண்டு மயங்கிச் சல்லடையை மறந்த வணிகன் கைப்பொருளை இழந்தான். நகையுரைக்கும் அத்தகைய ஒளி உண்டு. ஆதலால் அதனையும் சல்லடையில் இட்டே மதிக்கவேண்டும் என்பது என் கருத்து.

முதற் சல்லடை, சொன்னது மெய்தானா என்பது.

1863 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் நாள் பாரிஸ் நகரிலே ஓர் இசைநாடகம் அரங்கேறியது. அதன் பெயர் 'முத்துக்குளிப்போர்'. கதை நிகழும் களம் நம் இலங்கைக் கடற்கரை. இசையமைத்தவர் ழார்ஸ் பிசே. அப்பொழுது அவருக்கு வயது 24. நாடகத்தைக் கண்ட பெனுவா ஜூவேன் என்னும் விமரிசகர், 'லெ பிகாரோ' பத்திரிகையிலே ஒரு நகையுரை எழுதினார். கதையிலே குளிப்போரும் இல்லை, இசையிலே முத்தும் இல்லை என்பது அதன் சாரம். நாடகத்தின் பெயரையே இரண்டாக உடைத்து, ஒரு பாதியாற் கதையையும் மறுபாதியால் இசையையும் அடித்துவிட்டார். நாடகம் 18 முறை நடைபெற்றதோடு நின்றது. பிசே வாழ்ந்த காலத்தில் அது மறுபடி மேடையேறவில்லை. அவர் 1875 இல், 36 ஆவது வயதிலே காலமானார்.

அந்நகையுரையை இன்று நிறுத்துப் பார்ப்போம். முதற் பாதி பெரிதும் மெய். கதையை எழுதியவர்கள் முதலில் மெக்சிக்கோவைக் களமாக எண்ணியிருந்து பின்னரே இலங்கைக்கு மாற்றினார்கள். காலிலே கல்லைக் கட்டி ஆழத்துக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிய கீழக்கரை, தூத்துக்குடி மக்களையும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியரையும் அவர்கள் அறியார்கள். வாரிய சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசாங்கம் கொள்ள, ஒன்றே குளித்தவர் கைக்கு எஞ்சியதையும் அறியார்கள். ஆகவே கதையிற் குளிப்போர் இல்லை என்றது சரியே. மறுபாதியோ காலத்தாற் பொய்யாயிற்று. அந்நாடகத்தில் இரு நண்பர் சேர்ந்து பாடும் பாடல் இன்று உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுகிறது. அக்காலத்திலேயே பெர்லியோஸ் என்னும் பேரிசையாளர் மற்றொரு பத்திரிகையில் அந்த இசையைப் பாராட்டி எழுதியிருந்தார். நிதானமாக எழுதப்பட்ட அப்பாராட்டைவிட ஜூவேனின் ஒற்றை வரியே பெரிதும் எடுத்துச் சொல்லப்பட்டது.

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. நகையுரை பெரும்பாலும் இரு சிறகால் பறக்கிறது. ஒரு சிறகு மெய்யாயிருந்தால் மற்றதையும் மெய்யென்று கேட்போர் நம்பிவிடுகின்றனர். சொற்களின் ஒத்த நிறையைக் கருத்தின் ஒத்த நிறையாகக் காது எடுத்துக்கொள்கிறது. செய்தியாளர் இந்த இடத்திலே கண்ணாயிருத்தல் வேண்டும்.

இரண்டாவது சல்லடை, சொன்னவர் யார் என்பது.

1843 இல் ஆங்கிலத் தளபதி சார்ள்ஸ் நேப்பியர் சிந்து நாட்டைக் கைப்பற்றினார். வெற்றிச் செய்தியை 'பெக்காவி' என்னும் ஒரே இலத்தீன் சொல்லால் அவர் அனுப்பினார் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். 'பாவம் செய்தேன்' என்பது அச்சொல்லின் பொருள். அதனை ஆங்கிலத்தில் ஒலித்தால் 'சிந்து என் வசம்' என்றும் கேட்கும். அழகிய சிலேடைதான். ஆனால் நேப்பியர் அவ்வாறு எதனையும் அனுப்பவில்லை. 1844 இல் இலண்டன் நகைச்சுவை ஏடாகிய 'பஞ்ச்' அதனை வெளியிட்டது. அதைப் புனைந்தவர் கதரின் விங்க்வேர்த் என்னும் இளம்பெண். ஓர் இளம்பெண்ணின் கேலி தளபதியின் வாய்மொழியாக மாறி, பின்னர் வரலாற்று நூலுக்குள்ளும் புகுந்துவிட்டது. அந்தக் கேலியிலே ஒரு குத்தலும் இருந்தது. ஒரு நாட்டைப் பறித்தது பாவமென்பதை அது சொல்லாமற் சொல்லிற்று. வாய்மொழி தளபதியுடையதாக மாறியதும் குத்தல் மறைந்து பெருமிதமே எஞ்சியது. சொன்னவர் மாறினால் சொல்லின் பொருளும் மாறிவிடும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை. நம் நாட்டிலும் நகையுரைகள் ஆளுக்கு ஆள் மாறி வழங்குவதைக் காண்கிறோம். பெயர் பெற்ற ஒருவரின் மேல் ஏற்றிவிட்டால் சொல்லுக்கு மதிப்புக் கூடுகிறது. மெய்க்கு மதிப்புக் குறைகிறது.

மூன்றாவது சல்லடை, நகையுரை யார்மேல் விழுகிறது என்பது.

சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க 1952 இல் மறைந்தபின் அவர் மைந்தர் டட்லி சேனநாயக்க அப்பதவிக்கு வந்தார். 1953 இல் அவர் விலகியபின் உறவினராகிய சேர் ஜோன் கொத்தலாவல வந்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் ஆங்கிலப் பெயரெழுத்துகளாகிய யூ, என், பீ என்னும் மூன்றனையும் எதிர்க்கட்சியினர் 'அங்கிள் நெவ்யூ பார்ட்டி' என்று விரித்தனர். அதாவது மாமன் மருமகன் கட்சி. மூன்று சொல்லில் ஓர் ஆட்சிமுறையின் குறை முழுவதும் அடங்கிவிட்டது. நீண்ட தலையங்கம் செய்ய மாட்டாததை அந்த மூன்று சொல் செய்தது. விழுந்த இடமும் தக்க இடமே. அதிகாரத்தில் இருப்பவர் திருப்பிப் பேச வல்லவர். மேடையும் பத்திரிகையும் அவருக்கு உண்டு.

தமிழிலே இக்கலையை ஓர் இயக்கமாக வளர்த்தவர் 'சிரித்திரன்' சிவஞானசுந்தரம் அவர்கள். 'தினகரன்' பத்திரிகையிலே சவாரித் தம்பரைக் கேலிச்சித்திரமாக உலவவிட்டவரும் அவரே. 'சிரித்திரன்' ஏட்டில் 'மகுடி' என்னும் பகுதியிலே வாசகர் வினாக்களுக்கு அவர் விடையளித்தார். சீதனம், போலிப் பெருமை, பதவி மோகம் ஆகியன அவர் சிரிப்புக்கு இலக்காயின. தம் சமூகத்தை நோக்கிச் சிரித்தமையால் அச்சிரிப்பிலே உரிமையும் இருந்தது, அன்பும் இருந்தது.

இப்பொழுது மன்னாருக்குத் திரும்புவோம். மன்னார் என்றதும் கழுதையை நினைத்துச் சிரிப்போர் பலர். மன்னார் நகரிலே கழுதைகள் கட்டற்றுத் திரிவது உண்மை. முன்னாளில் அராபிய வணிகர் அவற்றைக் கொண்டுவந்தனர் என்பர். பொதி சுமந்த காலம் போயிற்று, சுமைவண்டி வந்தது, கழுதைகள் தெருவில் விடப்பட்டன. இரவிலே வாகனங்களில் மோதுண்டு காயமுறும் அவற்றைப் பேணுவதற்கு அன்பர் சிலர் ஒரு நிலையமும் அமைத்துள்ளனர். இது இரக்கத்துக்கும் ஆராய்வுக்கும் உரிய செய்தி. ஆனால் தலைப்பு எழுதுவோர் பலருக்கு இது எளிதிற் கிடைக்கும் நகைப்பொருளாகவே தோன்றுகிறது. கழுதையைச் சொல்லி ஊரைச் சிரிக்கிறார்கள்; பின்னர் ஊரைச் சொல்லி மக்களைச் சிரிக்கிறார்கள்.

இதனால் என்ன தீங்கு என்று கேட்கலாம். ஓர் ஊரைப் பற்றி ஒரு கேலி நிலைபெற்றுவிட்டால் அவ்வூரைப் பற்றிய பிற செய்திகள் காதில் ஏறா. மன்னார்க் கடலிலே இழுவைமடி வள்ளங்கள் அடித்தளத்தை வாரிச் செல்லும் துயரம் நெடுங்காலத்தது. இலங்கை 2017 இல் அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லை கடந்து வரும் வள்ளங்களால் எழும் வழக்கோ தொடர்ந்தே வந்திருக்கிறது. வலையிழந்து கரை சேரும் மீனவன் தன் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே எதிரில் இருப்பவர் முகத்திலே புன்னகை தோன்றுமானால், அவன் முறைப்பாட்டின் நிறை அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும். வலியார்மேல் விழும் நகையுரை ஒரு குறையை வெளிப்படுத்தும். மெலியார்மேல் விழும் நகையுரை அவர்தம் குறையை மறைத்துவிடும்.

நான்காவது சல்லடை, நகையுரை எதனை இடம்பெயர்த்தது என்பது.

தலைமன்னாரின் முனையிலே நின்று மேற்கே நோக்கினால் மணற்றிட்டுகளின் வரிசை தொடங்குவதைக் காணலாம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம், அக்கரையிலுள்ள தனுஷ்கோடியை நோக்கி அது செல்கிறது. இராமர் அணை என்றும், சேது என்றும், ஆதாம் பாலம் என்றும் அதற்குப் பெயர்கள். அத்திட்டுகளினூடே 12 மீட்டர் ஆழமும் 300 மீட்டர் அகலமும் உடைய கப்பற் கால்வாயை வெட்டுவதற்கு, 2,427 கோடி ரூபாய் மதிப்பீட்டில், சேதுசமுத்திரத் திட்டத்தை இந்திய அரசாங்கம் 2005 சூலையில் தொடங்கிற்று. அணை இராமர் கட்டியது, அதனை இடிக்கலாகாது என்று எதிர்ப்பு எழுந்தது. 2007 செப்டெம்பரில் அப்போதைய தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்கள், இராமர் எந்தப் பொறியியற் கல்லூரியிற் பயின்றார் என்று மேடையிலே வினவினார்.

சுயமரியாதை இயக்க மேடையின் மரபறிந்தவர்க்கு அது பழகிய எள்ளல். பக்தியுடையோர்க்கு அது நெஞ்சிலே தைத்த முள். மேடையிலே குரலும், முகக்குறிப்பும், எதிரே சிரிக்கும் கூட்டமும் சேர்ந்து நகையுரைக்கு எல்லை வகுக்கின்றன. செய்தித்தாளிலும் வானொலியிலும் அவை இல்லை. வானொலிச் செய்தியை வாசிப்பவர் வெள்ளச் செய்தியையும் நகையுரையையும் ஒரே குரலில் வாசிக்கவேண்டியவர். அக்குரலிலே வினா குற்றச்சாட்டாகவும், கேலி பிரகடனமாகவும் மாறிவிடுகின்றன. இந்தியா முழுவதும் அந்த ஒரு வினா பரவியது. பெங்களூரிலே முதலமைச்சரின் மகளது இல்லம் தாக்கப்பட்டது. அந்நகரின் புறத்தே தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்று தீயிடப்பட்டு இருவர் உயிரிழந்தனர். அவ்விருவரும் அணைக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஒரு சொல்லும் சொன்னவர் அல்லர், வழிச்சென்ற பயணிகள்.

நகையுரையும் அதற்கு எதிர்ப்பும் செய்தியை நிறைத்திருந்த அந்நாட்களில் எவை இடமிழந்தன? தோண்டும் மணலை எங்கே கொட்டுவது? கலங்கிய நீரிலே மீன்குஞ்சும் இறாலும் பிழைக்குமா? கால்வாய் வழியிலே வலைவிரிக்க விடுவார்களா? பாக்கு நீரிணைக்கும் மன்னார்க் குடாவுக்கும் இடையிலே ஓடும் நீரோட்டம் மாறினால் இலங்கைக் கரைக்கு நேர்வது யாது? இராமேசுவரத்து மீனவரும் மன்னார் மீனவரும் கேட்ட வினாக்கள் இவை. கல்லூரி வினாவுக்குக் கிடைத்த இடத்திலே சிறு பங்கேனும் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. திட்டம் நீதிமன்றத்திலே தடைப்பட்டு நின்றது. மீனவர் வினாக்கள் விடைபெறாமலே நின்றன.

நேயர்களே, இதுகாறும் கேட்ட பின்னர், நகையுரையைச் செய்தியிலிருந்து விலக்கிவிடுவதே நன்று என்று தோன்றலாம். அவ்வாறு நான் சொல்ல வரவில்லை. நகையுரையைப் போற்றியும் அதன் பொருளைக் கேளாமற்போன ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் என் கருத்து விளங்கும்.

1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்னும் சட்டம் பாராளுமன்றத்திலே விவாதிக்கப்பட்டது. இலங்கை சமசமாசக் கட்சியைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா அவர்கள் அதனை எதிர்த்துப் பேசினார். 'ஒரு மொழியெனில் இரு நாடு. இரு மொழியெனில் ஒரு நாடு' என்று சுருங்க வழங்கும் அவரது கூற்று அக்காலத்து விவாதத்திலே பிறந்தது. ஒன்றையும் இரண்டையும் இடம்மாற்றி வைத்த அச்சாதுரியத்தை நண்பரும் பகைவரும் வியந்தனர். பத்திரிகைகள் திரும்பத் திரும்ப அதனை எடுத்தாண்டன. முதல் மூன்று சல்லடைகளிலும் அது ஆணிமுத்தாகவே தேறும்: கருத்து அவருடையது, விழுந்த இடம் அதிகாரத்தின்மேல், மெய்யோ, வருங்காலம் காட்டிய மெய். சட்டமோ நிறைவேறிற்று.

பின்னர் நிகழ்ந்தவற்றை மன்னார் மக்கள் அறிவார்கள். போருக்குக் காரணங்கள் பல. மொழிச் சட்டம் அவற்றுள் ஒன்று. 1914 இல் தொடங்கித் தலைமன்னாரையும் அக்கரையையும் இணைத்த கப்பற் போக்குவரத்து 1980களில் நின்றது. தலைமன்னாருக்கு ஓடிய புகைவண்டி 1990 இல் நின்று, 2015 இலேயே மீண்டும் ஓடத் தொடங்கிற்று. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களுட் பலர் படகேறி அக்கரை சென்று அகதிகளாயினர். அப்பெரிய துன்பங்களுக்கெல்லாம் ஒரு வரி தடையாக நின்றிருக்கும் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அந்த வரியை எச்சரிக்கையாகக் கேட்டிருக்கவேண்டியவர்கள் அதனைச் சாதுரியமாக மட்டும் கேட்டார்கள் என்பதைச் சொல்லலாம். சொல்லின் அழகைப் புகழ்வது சில வேளைகளில் அதன் பொருளை ஒதுக்கிவைப்பதற்கு நாகரிகமான வழியாக அமைந்துவிடுகிறது.

செய்தி எழுதுவோர்க்கு இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. நகையுரையை அச்சிடுக, ஆனால் அது எழுந்த வினாவையும் அதனருகே அச்சிடுக. ஒரு வரி சிரிப்புக்குப் பக்கத்தில் ஒரு பத்தி செய்தி நிற்குமானால் சிரித்தவர் அதனையும் படிப்பார். சிரிப்பு மனக்கதவைத் திறக்கவல்லது. திறந்த கதவின் வழியே ஒன்றையும் உள்ளே அனுப்பாமல் விடுவதே குற்றம். கேட்போராகிய நமக்கும் கடமை உண்டு. சிரித்து முடித்தபின், எதற்காகச் சிரித்தோம் என்று ஒருமுறை நம்மையே வினவுதல் வேண்டும். சொன்னது மெய்யா, சொன்னவர் இவர்தாமா, விழுந்தது யார்மேல், மறைந்தது எது என்னும் நான்கு வினாக்கள் போதும். இவற்றைக் கேட்க அதிக நேரம் ஆகாது. ஒரு குளிப்போன் கடலடியிலே மூச்சடக்கி நிற்கும் நேரமே ஆகும்.

அரிப்புக் கரையிலே இன்று முத்து வணிகர் இல்லை. சிப்பி குவித்த கொட்டுக்கள் இல்லை. மணலைக் கிளறினால் பழைய சிப்பியோடுகள் மட்டும் அகப்படும். ஓட்டின் உட்புறம் இன்னும் மின்னுகிறது. அம்மின்னலைக் கண்டு மகிழலாம். முத்து என்று எண்ணி விலை பேசலாகாது.